வாளி இறக்கம்

கண்டியிலிருந்து மாத்தளைக்கு ஓடும் தனியார் பஸ்களில் அடிக்கடி ஏறுகிறவர்களுக்கு யோகராஜைத் தெரியாமல் இருக்காது. ஒல்லியான, உயரமான மனிதர். மிதிபலகையில் ஒரு கால், உள்ளே ஒரு கால், விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். பெயர் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். "கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை" என்று அவர் கூப்பிடும்போது மூன்று ஊரும் ஒரே ஊரின் முழுப்பெயர் போலக் கேட்கும். முப்பத்தொரு வருடமாக ஊர்ப் பெயர்களைக் கத்தித்தான் அவர் சோறு தின்கிறார்.

அதில் பத்தொன்பது வருடம் நான் கேட்டிருக்கிறேன். என் பெயர் ஷிராஸ், அக்குறணைக்காரன். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தைத் தமிழாக்குவதும் தமிழைச் சிங்களமாக்குவதும் என் பிழைப்பு. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் என்பதால் சொந்தமாக ஒரு ரப்பர் முத்திரையும் வைத்திருக்கிறேன். இதை யோகராஜின் கதையாகத்தான் எழுதத் தொடங்குகிறேன். ஆனால் அது கடைசியில் அந்த முத்திரையிடம் வந்துதான் நிற்கும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிரதான வீதியிலிருந்து ஆற்றுப் பக்கமாக ஒரு குறுக்கு வழி இறங்குகிறது. இருபத்தெட்டு வீடுகள். யோகராஜ் பிறந்தது அங்கேதான். வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்துக் கக்கூஸ்களில் வாளி வைத்திருந்தார்கள். அந்த வாளிகளைத் தூக்கிக் கொட்டிக் கழுவி வைப்பதற்கென்றே இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்கு ஆற்றோரமாக, ஒரே கூரைக்குக் கீழே வரிசை அறைகளாக, ஒரு லயம் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் அதற்கு வாளி லயம் என்று பெயர் வைத்தது. சிங்களத்தில் வாளிக்கு பால்திய என்று சொல்வார்கள், ஆகவே சிங்களவர் வாயில் அது பால்தி லயிம ஆயிற்று.

வாளிக் கக்கூஸ் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. லயத்தையும் இடித்துத் தனித்தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். யோகராஜின் தகப்பன் கறுப்பையாகூட வாளி தூக்கியதில்லை, அவர் தெருக் கூட்டியவர். லயத்துப் பேரப்பிள்ளைகளில் ஒருவன் குழாய் வேலை செய்கிறான், ஒருத்தி மருந்துக் கடையில் நிற்கிறாள். இதெல்லாம் ஊருக்கு எதற்கு? பஸ் அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் கொண்டக்டர்மார் இன்றைக்கும் "பால்தி, பால்தி, பஹினவாத?" என்றுதான் கேட்கிறார்கள். பால்தியில் யாராவது இறங்குகிறீர்களா என்று அர்த்தம்.

எங்கள் நகரத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கூட்டம். அக்குறணை என்றால் சோனகர் எனப்படும் முஸ்லிம்கள், கடை கண்ணி. ஹந்தானை என்றால் தேயிலைத் தோட்டம், கொழுந்து, லயம். பெயரை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை எதிரில் நிற்கிறவன் தானே நிரப்பிக்கொள்வான். நான் ஏதோ மேலிருந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில், எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த அந்த நாட்களில், கண்டி ஸ்டாண்டில் ஒருவன் என்னிடம் எங்கே போகிறாய் என்று கேட்டான். மாத்தளை என்று சொன்னேன். அந்தப் பொய் எனக்கு இரண்டு வாரம் தேவைப்பட்டது, யோகராஜுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டது.

சிங்களவரும் சோனகரும் தமிழரும் இந்த ஊரில் எதிலாவது ஒத்துப்போனதை நான் கண்டதில்லை. பால்தி விஷயத்தில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம். ஹந்தானையில் பத்தடிக் காம்பிராவில் ஏழு பேராகப் படுத்துக் கிடப்பவர்கள்கூட பால்தியில் பெண் எடுக்க மாட்டார்கள். என் வாப்பா கடைக்கு வரும் பால்தி ஆட்களுக்குத் தேத்தண்ணீரைத் தனிக் கோப்பையில் கொடுத்ததை நான் சின்ன வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பையைக் கழுவாமல் கடைக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் கவிழ்த்து வைப்போம்.

யோகராஜ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ஏன் என்று கேட்டால், "படிப்பு ஏறல சேர்" என்பார். அது பொய். அவரோடு படித்த ஒருவர் சொன்னார், கணக்கில் யோகராஜ்தான் முதலாம் ஆளாம். பலகையைத் துடைக்கத் தண்ணீர் வேண்டும்போதெல்லாம் வாத்தியார் "வாளி வீட்டுக்காரன் போய்க் கொண்டு வா" என்பாராம். வகுப்பு சிரிக்கும். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனவர் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கச் சேர்ந்தார். எந்த இடம் என்று முதலாளி கேட்டபோது கட்டுகஸ்தோட்டை என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் சாப்பிட வந்த ஒருவன் அவரை அடையாளம் கண்டு முதலாளியிடம் ஏதோ முணுமுணுத்தான். அன்று பின்னேரமே அவரை மேசையிலிருந்து எடுத்துக் சாக்கடைக் கானைக் கழுவ விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பஸ். ஒருமுறை அவரே எனக்குச் சொன்னார், "பஸ்ஸுல ஒரு நல்லது இருக்கு சேர். எங்கன்னு நான்தான் அவங்கள கேப்பேன். என்னைய யாரும் கேக்க மாட்டாங்க."

அவருடைய பஸ்ஸில் பால்தி இறக்கத்துக்கு வேறு பெயர். முன்பு அங்கே வீதியோரமாக ஒரு பேக்கரி இருந்தது. அது மூடி, இடித்து, இருபது வருடத்துக்கு மேல். இன்று அந்த இடத்தில் டயர் கடை. யோகராஜ் மட்டும் "பேக்கரி, பேக்கரி" என்று கூப்பிடுவார். புதிதாக ஏறியவர்கள் பாணுக்காகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். லயத்து ஆட்களுக்கு மட்டும் விளங்கும், பேசாமல் எழும்பி இறங்குவார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவையாவது அவர் வாயில் பால்தி என்றோ வாளி என்றோ வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், சிந்துஜா. மனைவி சந்திரிகா மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். சிந்துஜா நன்றாகப் படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனாள். போன இடத்தில் அந்தப் பிள்ளையின் தாய் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார், இவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடிக் கிளாஸில் ஜூஸ் வந்தது. இவளுக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் வந்தது. வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, உயர்தரம் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அன்றுதான் அழுதழுது அதைச் சொன்னாளாம். அவளை ரமேஸ் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதே வரிசையில் ஏழாவது வீடு.

சிந்துஜாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மிதுஷா. அந்தப் பிள்ளைக்குப் பத்து மாதமாக இருக்கும்போது ஒரு மாலை, பஸ் ஸ்டாண்டில் நேரத்துக்காகக் காத்து நின்ற வேளையில், யோகராஜ் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"சேர், ஒரு லெட்டர் எழுதணும். சிங்களத்துல. நல்ல சிங்களத்துல."

"யாருக்கு?"

"எங்க ரோட்டுக்குப் பேர் மாத்தணும். புள்ள ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள மாத்திரணும். என் மகளோட அது முடியட்டும் சேர். இந்தப் புள்ள அந்தப் பேரக் கேக்கவே கூடாது."

அவர் கேட்டது அவ்வளவுதான். காணி கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. ஒரு குழந்தையின் காதில் ஒரு சொல் விழாமல் இருக்க வேண்டும், அதுதான் அந்த மனிதரின் வாழ்க்கைத் திட்டம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஊருக்கு நன்மை செய்யும் மொழிபெயர்ப்பாளன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது, ஏன் மறைப்பான்?

அடுத்த நாள் அதற்கான படிவத்தை எடுத்து வந்தேன். முதல் கேள்வியே, தற்போது வழங்கும் பெயர் என்ன. நான் சிங்களத்தில் பால்தி லயிம என்று எழுதினேன். யோகராஜ் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எழுதாம முடியாதுங்களா?"

"எந்தப் பேர மாத்தோணும் எண்டு சொல்லாம எப்படி மாத்துற, யோகண்ண?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதுங்கள் என்று கையால் மட்டும் காட்டினார். அந்த நாள்வரை பால்தி என்ற பெயர் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. கரண்ட் பில்லில், வாக்காளர் இடாப்பில், அடையாள அட்டையில், எல்லாவற்றிலும் சிந்துஜா வீட்டின் விலாசம் இலக்கம் 112/9, கட்டுகஸ்தோட்டை வீதி என்றுதான் இருந்தது. பெயர் வாயில் மட்டும் இருந்தது. அதை முதன்முதலில் அரசாங்கக் கோப்புக்குள் ஏற்றி வைத்தவன் நான்.

புதுப் பெயருக்கு லயத்து ஆட்கள் கூடிப் பேசினார்கள். ஆளின் பெயர் வைத்தால் சண்டை வரும் என்று பூவின் பெயர் வைக்க முடிவானது. எல்லார் வாசலிலும் மல்லிகைச் செடி இருந்தது, ஆகவே மல்லிகை வீதி. விண்ணப்பம் சிங்களத்தில் என்பதால் நான் அதையும் சிங்களமாக்கினேன். மல்லிகைக்கு அங்கே பிச்சமல் என்று பெயர். பிச்சமல் மாவத்த. கேட்கவே நன்றாக இருந்தது. எந்த அதிகாரியும் மறுக்க மாட்டான் என்று நினைத்தேன், ஒருவனும் மறுக்கவும் இல்லை.

மூன்று வருடம் இழுத்தது. யோகராஜ் லீவு போட்டு லீவு போட்டு அலைந்தார். ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் கோப்பைத் தொலைத்தார், நடுவில் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. ஒரு வழியாக அனுமதி வந்து, வீதி முகப்பில் நீலப் பலகையும் நட்டார்கள். லயத்தில் பொங்கல் வைத்து என்னையும் கூப்பிட்டார்கள். பலகையை மூடியிருந்த துணியை யோகராஜ்தான் இழுத்தார்.

மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் தமிழ். தமிழ் வரியில் இருந்தது: பிச்சைமல் மாவத்தை.

பலகை எழுதியவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது, அல்லது கொஞ்சம் மட்டும் தெரிந்திருக்கும். பிச்ச என்று காதில் விழுந்ததும் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எழுதிவிட்டான். மல்லிகை கேட்டவர்களுக்குப் பிச்சை கிடைத்தது. எல்லோரும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பிறகு பின்னால் நின்ற ஒரு பையன் "வாளி போயி பிச்சை வந்துருச்சு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யோகராஜும் சிரித்தார். அன்று பின்னேரம் ஒரு சின்ன டின் நீலப் பெயின்ட் வாங்கி வந்து நடு வரியை அழித்துவிட்டார். திருத்தித் தரும்படி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்றைக்கும் அந்தப் பலகையில் மேலே சிங்களமும் கீழே ஆங்கிலமும்தான் இருக்கின்றன.

இருந்தாலும் அவருக்குச் சந்தோஷம். பெயர் மாறிவிட்டதல்லவா? மற்ற கொண்டக்டர்மாரிடம் கெஞ்சினார், வடை வாங்கிக் கொடுத்தார், "பிச்சமல்னு சொல்லுங்கடா" என்றார். இரண்டு நாள் சொன்னார்கள். யாரும் இறங்கவில்லை. திரும்பவும் பால்தி, பால்தி. பரவாயில்லை, வாயில் இருந்தால் இருக்கட்டும், பிள்ளையின் காகிதத்தில் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும் வருடம் வந்தது. டவுனில் ஒரு நல்ல தமிழ்ப் பள்ளி. இந்த நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அதன் மூளை வேண்டாம், விலாசம் வேண்டும். ஐந்து வருடமாக ஒரே இடத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும், அதற்குத்தான் புள்ளி. சிந்துஜா எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனாள். யோகராஜும் கூடப் போனார்.

குழுவில் மயில்வாகனம் என்ற உப அதிபர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

"இதில வாக்காளர் இடாப்பில கட்டுகஸ்தோட்டை வீதி எண்டு கிடக்கு. போன வருசத்தில இருந்து பிச்சமல் மாவத்தை எண்டு கிடக்கு. நீங்கள் வீடு மாறினனீங்களோ?"

"இல்லீங்க சேர். வீடு அதேதான். ரோட்டுப் பேருதான் மாறிருச்சு" என்றார் யோகராஜ்.

"நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா ரெண்டும் ஒரே இடம் எண்டு எழுத்தில வேணும். இல்லாட்டி ஒரு வருசத்துக்குத்தான் புள்ளி போடலாம். பத்து நாளுக்குள்ள கொண்டு வாங்கோ. சிங்களத்தில தந்தால் தமிழ் மொழிபெயர்ப்பும் வையுங்கோ, சத்தியம் செய்த ஆளின்ர முத்திரையோட."

ஒரு வருடத்துப் புள்ளி என்றால் பிள்ளைக்கு இடம் இல்லை. யோகராஜ் கிராம உத்தியோகத்தரிடம் ஓடினார். அவர் கோப்பை எடுத்துப் பார்த்து, கோப்பில் இருந்தபடியே சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு யோகராஜ் என் மேசைக்கு வந்தார்.

வாசித்தேன். இலக்கம் 112/9, கட்டுகஸ்தோட்டை வீதி என்பதும் பிச்சமல் மாவத்த என்பதும் ஒரே இடமே. அதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், முன்னர் பால்தி லயிம. என் படிவத்தின் முதல் வரி, என் கையெழுத்து, ஐந்து வருடம் கழித்து அச்சில் வந்திருந்தது.

"அந்த ரெண்டு கோட்டுக்குள்ள இருக்கறத மட்டும் விட்டுறலாமா சேர்? மத்தது போதும்தானே?" என்றார் யோகராஜ்.

உண்மையில் மற்றது போதும். ஆனால் எனக்குள் சத்தியம் செய்தவன் விழித்துக்கொண்டான். "ஏலாது யோகண்ண. மூலத்துல உள்ள ஒரு சொல்லக்கூட நான் விடக் கூடாது. பிறகு யாராவது ஒப்பிட்டுப் பாத்தா என் முத்திர போயிரும். புள்ளட விண்ணப்பமும் தள்ளுபடி ஆகும்" என்றேன். எவ்வளவு சரியான பேச்சு! அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே பெஞ்சியில் போய் உட்கார்ந்தார். நான் தட்டச்சு செய்தேன், முத்திரை குத்தினேன், உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதையும் ஒரு நல்ல காரியமாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

கடிதம் வேலை செய்தது. ஐந்து வருடத்துக்கும் புள்ளி கிடைத்தது. தெரிவான பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டிய அன்று சிந்துஜா போனில் அழுதாளாம். அன்று மாலை யோகராஜ் பஸ்ஸில் ஒரு பை லட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"ஒங்க கையாலதான் சேர் எல்லாம். எங்க தலைமுறையில மொதத் தடவ, அந்தப் பேரு இல்லாம ஒரு புள்ள ஸ்கூலுக்குப் போகுது." அவர் பட்டியலை இன்னும் பார்க்கவில்லை, மகள் சொன்னதைக் கேட்டதுதான்.

வீட்டுக்கு வந்து லட்டை மனைவி ரிஸ்னாவிடம் கொடுத்தேன். அவளுடைய தங்கை மகள் ஸனாவுக்கும் அதே பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தங்கை பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ரிஸ்னா விரலால் பெரிதாக்கி ஸனாவின் பெயரைக் காட்டினாள். அதற்கு மூன்று வரி கீழே, ரமேஸ் மிதுஷா, 112/9, பிச்சமல் மாவத்தை (முன்னர் வாளி லயம்).

"இது என்னது, வாளி லயம்?" என்று ரிஸ்னா கேட்டாள்.

"பால்தி. கடிதத்துல பால்தி லயிம எண்டு இருந்திச்சு. நான்தான் தமிழாக்கின."

"ஏன், அத அப்படியே வெச்சிருக்க ஏலாதா? பால்தி எண்டா ஏதோ ஒரு ஊர்ப்பேர் மாதிரி போயிரும். வாளி எண்டா வாளிதானே?"

கையில் எடுத்த லட்டைத் திரும்பப் பையில் வைத்தேன். பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. புதிதாக வரும் ஆட்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். லயத்துக்கு வெளியே தமிழில் வாளி லயம் என்று சொன்ன தலைமுறை செத்துப்போய்விட்டது. இப்போதுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பால்தி என்பது ஒரு பஸ் தரிப்பு, ஒரு சத்தம். தேய்ந்து தேய்ந்து அர்த்தம் போய்க்கொண்டிருந்த சொல்லுக்கு, மூலத்தில் ஒரு சொல்லையும் விடக் கூடாது என்று நீதி பேசிய நான், மறுபடி அர்த்தத்தைப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறேன். கை பழக்கத்தில் தட்டச்சு செய்ததுதான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

மறுநாள் மயில்வாகனம் சேருக்குப் போன் எடுத்து, அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

"ஓம், விளங்குது. ஆனா ஆட்சேபக் காலம் முடியுமட்டும் பட்டியலில கை வைக்கேலாது. முத்திரை குத்தித் தந்தது நீங்கள்தானே?" என்றார்.

நான்தான் என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆட்சேபக் காலம் முடிவதற்குள் அந்தப் படம் எத்தனை தாய்மாரின் போனுக்குப் போனதோ தெரியாது. யோகராஜ் எப்போது பார்த்தார் என்றும் தெரியாது. அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் முன்பு போலத் தலையாட்டுவார். லட்டைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் பேச்சு வரவில்லை.

பள்ளி தொடங்கி மூன்றாவது வாரம். எனக்குப் பல்வலி, அரைநாள் லீவு போட்டுவிட்டு மதியமே வந்து அவருடைய பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்து ஜன்னலோரச் சீட்டில் வெள்ளைச் சீருடையில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. மிதுஷா. அன்று பள்ளி வான் வண்டி வரவில்லை. தகப்பன் ரமேஸ் அவளைத் தாத்தாவின் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். பின் சீட்டில் அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் சிலர் தாய்மாரோடு இருந்தார்கள்.

"நீங்க எங்க இறங்குவீங்க?" என்று என்னிடம் கேட்டாள். தாத்தாவின் பேத்தி அல்லவா?

"அக்குறணை. நீங்க?"

"எங்க ரோட்டுல."

"ஒங்கட ரோட்டுக்கு என்ன பேர்?" மல்லிகை என்றோ பிச்சமல் என்றோ சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை எனக்கு.

"அது பெரிய பேரு. ஸ்கூல்ல எல்லாரும் வாளின்னுதான் சொல்வாங்க. என்னையும் வாளின்னுதான் கூப்பிடுவாங்க. வரிசையில நான்தான் மொத ஆளு, அதனால 'வாளி முன்னுக்கு வா'ன்னு சொல்வாங்க." அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. வகுப்பில் வேறு ஒருவருக்கும் பட்டப்பெயர் கிடையாதாம்.

பஸ் டயர் கடைக்குக் கிட்ட வந்தது. மிதிபலகையில் நின்ற யோகராஜ் வழக்கம்போல "பேக்கரி, பேக்கரி, பேக்கரி" என்று கூப்பிட்டார்.

"தாத்தா தப்பா சொல்றாரு," என்றாள் மிதுஷா. "அங்க பேக்கரியே இல்ல."

நான் கையைப் பிடிப்பதற்குள் சீட்டின் மேல் எழும்பி நின்றுவிட்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, அச்சு அசலாக யோகராஜின் ராகத்தில், பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"வாளி இறக்கம்! வாளி இறக்கம்!"

பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்னால் ஒரு பெண் "பால்தித?" என்று கேட்டுக்கொண்டு அவசரமாகப் பையைத் தூக்கினாள். சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, "பால்தி, பால்தி" என்று பிரேக்கை அழுத்தினான். பஸ் சரியான இடத்தில் நின்றது.

யோகராஜ் மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. வந்து பிள்ளையைச் சீட்டிலிருந்து தூக்கினார், புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கீழே பலகைக்குப் பக்கத்தில் சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. பிள்ளை தாவி இறங்கி, "அம்மா, நான்தான் பஸ்ஸ நிப்பாட்டுனேன்!" என்றாள். சிந்துஜா மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டது. பாலம் தாண்டும்போது யோகராஜ் காசு சேர்த்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னிடம் இடம் கேட்டதில்லை. கையை நீட்டுவார், நான் கொடுப்பேன், அவ்வளவுதான். அன்று என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல், முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போலக் கேட்டார்.

"எங்க இறக்கம்?"

"அக்குறணை," என்றேன்.

மிச்சக் காசை எண்ணி என் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.